மேல கறுப்புக் கண்ணாடி, கீழ ஆட்டம் பாட்டம்: நியூயார்க் யூதக் கோயில்கள்ல ஒரு வாரக்கடைசி

வியாழன், எல்ட்ரிட்ஜ் தெரு

நியூ ஜெர்சி எடிசன்ல அக்கா வீட்டுக்கு வந்து எறங்குனதுமே அத்தான் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சிட்டார், அதெல்லாம் போன தடவையே ஆச்சுன்னு சொல்லிட்டேன். எனக்கு ரொம்ப நாளா வேற ஒரு ஆசை. போன எழுபது எண்பது வருஷத்துல யூதர்கள் மத்தியில பக்தி மறுபடியும் துளிர்த்து வந்துருக்கு, பாட்டு, ஆட்டம், சாப்பாடு, தெருவுல நின்னு ஆள் கூப்புடறதுன்னு, அதுல நெறைய நியூயார்க்லதான் நடந்துருக்கு. அத போய் கண்ணால பாக்கணும். அக்காவோட ஆபீஸ்ல ஒரு யூதத் தோழி இருக்காங்க, அறுபது வயசு, சின்ன வயசுல வீட்ல சாமி கும்புடுற பழக்கமே கெடையாதாம், நாப்பதுக்கு மேலதான் ஷபாத் (வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து சனி ராத்திரி வரைக்குமான ஓய்வு நாள்) பிடிக்க ஆரம்பிச்சாங்களாம். நானே கூட்டிட்டுப் போறேன் வான்னுட்டாங்க. யூதர்களோட வெளக்குத் திருநாள் ஹனுக்கா வேற நடந்துகிட்டு இருக்கு, இந்த 2024ல கிறிஸ்துமஸும் அதுவும் ஒண்ணா வந்ததால ஊரே வெளக்கா இருக்கு.

மொதல்ல எல்ட்ரிட்ஜ் தெரு சினகாக் (யூதக் கோயில்). கிராண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல எறங்குனா சுத்தி முழுக்க சைனாடவுன், மீன் கடை, பழக்கடை, சீன எழுத்து போர்டு, அதுக்கு நடுவுல 1887ல கட்டுன ஒரு பிரம்மாண்டம். கிழக்கு ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்த ஏழைங்க காசு சேத்து கட்டுனது. பேரப்பசங்க படிச்சு வசதியாகி புறநகருக்குப் போயிட்டாங்க, கூட்டம் கொறஞ்சு 1950கள்ல மேல் ஹாலையே பூட்டிட்டு மிச்சம் இருந்த கொஞ்ச பேர் பேஸ்மென்ட்ல கும்புட்டுகிட்டு இருந்துருக்காங்க. மேல புறா கூடு கட்டி மழை ஒழுகி கெடந்தத இருபது வருஷம் ரிப்பேர் பண்ணி 2007ல திறந்தாங்க, இப்ப பெரும்பாலும் மியூசியம்தான், டிக்கெட் வாங்கிட்டு போகணும்.

கிழக்கு சுவர்ல நீலமா நட்சத்திரம் நட்சத்திரமா ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், 2010ல வெச்சது, எல்லாரும் அதத்தான் போட்டோ எடுக்கறாங்க. தோழி என் கையப் பிடிச்சு இழுத்து கீழ பாருன்னாங்க. மரப்பலகை தரையில, பெஞ்சுக்கு முன்னாடி, வரிசையா பள்ளம். யூதர்கள் ஜெபிக்கும்போது முன்னும் பின்னும் ஆடுவாங்கல்ல, அப்படி ஒரே எடத்துல வருஷக்கணக்கா நின்னு ஆடி ஆடி குதிகாலும் முன்கால் விரலும் தேய்ச்ச குழி. நான் ஷூவோட ஒண்ணுல நின்னு பாத்தேன், என் கால விட பெருசா ஒரு ஆளு போல. பொம்பளைங்க மாடியில உக்காந்துருப்பாங்களாம், அங்கயும் போய் தேடினேன், பள்ளம் அந்த அளவுக்கு தெரியல.

2020 கணக்குப்படி அமெரிக்காவுல சின்னப் பிள்ளைங்களையும் சேத்து சுமார் 75 லட்சம் யூதர்கள் இருக்காங்க, அதுல பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல, 27 சதவீதம், எனக்கு மதம் எதுவும் இல்ல ஆனா நான் யூதர்தான்னு சொல்றவங்க (பியூங்கற அமெரிக்க ஆய்வு மையம் எடுத்தது). ஐரோப்பாவுல அறுபது லட்சம் பேர ஹிட்லர் ஆளுங்க கொன்னாச்சு, மிச்சம் இருந்த பெரிய ஊர் அமெரிக்கா, இங்க பசங்க கோயில் பக்கமே வரல, அப்ப சில பேருக்கு பயம் பிடிச்சுது. அந்த பயத்துலேர்ந்துதான் கதை ஆரம்பிக்குது. நாளைக்கு புரூக்ளின்.

வெள்ளி, கிரவுன் ஹைட்ஸும் 79ஆம் தெருவும்

டிசம்பர்ல நாலரைக்கே சூரியன் போயிடும், அதுக்கு முன்னாடி ஷபாத் ஆரம்பிச்சிடும், அதனால காலைலயே கெளம்பி 3ஆம் நம்பர் ரயில் பிடிச்சு கிங்ஸ்டன் அவென்யூல எறங்கிட்டோம். படியேறி வெளிய வந்தா எதிர்லயே 770. ஈஸ்டர்ன் பார்க்வே 770ஆம் எண் வீடு, செங்கல் கட்டடம், மூணு கூரான முகப்பு. லுபாவிச் ஹஸிதிகளோட (யூதர்கள்ல ஒரு பக்தி மார்க்கம்), அதாவது ஹபாத் ஆளுங்களோட தலைமையிடம். ரஷ்யாவுல சிறை, போலந்துல குண்டுவீச்சு எல்லாம் தாண்டி 1940ல வந்து சேந்த அவங்களோட ஆறாவது ரெபேக்காக, அதாவது குருவுக்காக, வாங்குன வீடு. அவர் 1950ல காலமானார், மருமகன் மெனாஹெம் மெண்டல் ஷ்னீயர்சன் 1951ல பொறுப்பு எடுத்தார். எல்லாரும் சும்மா "ரெபே"ன்னு சொன்னா அது இவர்தான்.

இவர் பண்ணுனது என்னன்னா, பக்தன் வருவான்னு உக்காந்து காத்திருக்கல, ஆள தேடி அனுப்புனார். 1967ல ஆறு நாள் போருக்கு கொஞ்சம் முன்னாடி, தெருவுல போற யூத ஆம்பளைங்கள நிறுத்தி கையிலயும் நெத்தியிலயும் தெஃபிலின் (வேத வசனம் உள்ள வெச்ச சின்னத் தோல் பெட்டி) கட்டி விடுங்கடான்னு பசங்ககிட்ட சொன்னார். 1974ல வண்டி வாங்கி அதுக்கு "டாங்க்"னு பேர் வெச்சு தெருத்தெருவா விட்டாங்க. அதே வருஷம் பொண்ணுங்க பக்கம் மெழுகுவர்த்தி இயக்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பொம்பளையும், சின்னப் பொண்ணும், ஏத்தணும்னு. நீள ஸ்கர்ட் போட்ட ரெண்டு பொண்ணுங்க பதினேழு வயசு இருக்கும், என்கிட்டயும் வந்து "ஆர் யூ ஜூயிஷ்?"னு கேட்டாங்க, இல்லம்மான்னேன், ஹேவ் எ நைஸ் டேன்னு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க. தோழிகிட்ட மட்டும் ரெண்டு மெழுகுவர்த்தி பாக்கெட். மத்த மதத்துக்காரங்கள மாத்துறதுல இவங்களுக்கு அக்கறையே கெடையாது, வழி தவறிப்போன சொந்தக்காரங்கதான் குறி. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாவே இருந்துச்சு.

770க்குள்ள ஆம்பளைங்க கீழ பெரிய ஹால்ல, பொம்பளைங்களுக்கு தனி வாசல், படியேறி மேல. மேல போனா கறுப்பா ஒரு கண்ணாடித் தடுப்பு, கார் ஃபிலிம் கலர்ல. குனிஞ்சு மூக்க ஒட்டி வெச்சு பாத்தாத்தான் கீழ நடக்கறது தெரியும். ஒரே இரைச்சல், ஒரு மூலைல பாடம், ஒரு மூலைல ஜெபம், ஒருத்தர் டீ குடிக்கறார், ஒருத்தர் பெஞ்சு மேலயே தூங்கறார், சுவர்ல மஞ்சக் கொடி. ரெபே 1994ல போயிட்டார், வாரிசு இல்ல, அவருக்கு பதிலா யாரையும் உக்கார வைக்கவும் இல்ல, அவர்தான் மெசியா, திரும்ப வருவார்னு ஒரு கூட்டம் இன்னும் நம்புது, அந்த மஞ்சக் கொடி அவங்களோடது. நிர்வாகத்துக்கும் இவங்களுக்கும் ஒத்துக்காது. 2024 ஜனவரில பசங்க கட்டடத்துக்கு கீழ சுரங்கம் தோண்டி போலீஸ் வந்து அடிதடி ஆன வீடியோ நீங்களும் பாத்துருப்பீங்க. இவ்ளோ நடந்தும் இயக்கம் சுருங்கல, அதுதான் ஆச்சரியம். உலகம் பூரா ஆயிரக்கணக்குல புருஷன் பொண்டாட்டி ஜோடிகளா போய் குடியேறியிருக்காங்க, திரும்பி வர்ற எண்ணத்தோட இல்ல, அங்கயே இருந்து சாகுற எண்ணத்தோட. நமக்குத் தெரிஞ்ச ஒண்ணு மும்பை நரிமன் ஹவுஸ். 2008 நவம்பர் 26 தாக்குதல்ல அங்க கேவ்ரியல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பெர்க் ரெண்டு பேரும் கொல்லப்பட்டாங்க, ரெண்டு வயசுப் பையன் மோஷேயத் தூக்கிட்டு ஓடி வந்தது ஆயா சாண்ட்ரா சாமுவேல். அந்த வீட்ல வர்றவங்களுக்கு ஆக்கிப் போட்டது ரிவ்காதான். இந்த மறுமலர்ச்சிய யார் சுமக்கறாங்கன்னு கேட்டா அதுல பாதி சமையக்கட்டுலதான் இருக்கு, அந்த ஆள போய் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி நிக்க வெச்சா எனக்கு எப்படி பிடிக்கும்?

கிங்ஸ்டன் அவென்யூல கோஷர் (யூத உணவு விதிப்படி செஞ்ச) பீட்சா கடை, புஸ்தகக் கடை எல்லாம் தாண்டுனா விக் கடை. கல்யாணமான பொம்பளைங்க முடிய மறைக்கணும், ரெபே ஸ்கார்ஃப் வேணாம் விக் போடுங்கன்னு வற்புறுத்துனவர், ஸ்கார்ஃப்னா சங்கடமான எடத்துல கழட்டத் தோணும், விக்க கழட்ட முடியாதுன்னு. ஒரு விக் ஆயிரக்கணக்கான டாலர். கடைக்காரம்மா தடவிப் பாக்க குடுத்தாங்க, உள்பக்கம் மெல்லிசு வலை, ஒவ்வொரு முடியா கையால முடிச்சு போட்டுருக்கு. எங்கேர்ந்து வந்த முடின்னு கேட்டேன், சட்டுன்னு ஐரோப்பா, சர்ட்டிஃபிகேட் இருக்குன்னாங்க. ஏன் அவ்ளோ அவசரம்னா, 2004ல பெரிய கலாட்டா. இந்திய முடில நெறைய திருப்பதில மொட்டை போட்ட முடி, அது சாமிக்கு குடுத்த காணிக்கை, அதனால சிலை வழிபாட்டுல சேந்தது, யூதர் அதுல லாபம் அடையக்கூடாதுன்னு ஜெருசலேம்ல ரபை (யூத மதகுரு) எல்யாஷிவ் தீர்ப்பு சொல்ல, புரூக்ளின் தெருக்கள்ல பொம்பளைங்க விக்க கொண்டு வந்து போட்டு நெருப்பு வெச்சாங்க. எங்க பாட்டி மூணு தடவ திருப்பதில முடி எறக்கியிருக்கு. கடைக்காரம்மாகிட்ட இத சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சு, சொல்லிட்டேன். அவங்க ஒரு நிமிஷம் என் முகத்தப் பாத்துட்டு "அப்ப உங்க பாட்டி எதுக்காக வேண்டிகிட்டாங்க?"ன்னாங்க. அம்மாவுக்கு பிரசவம் நல்லா ஆகணும்னு. தலைய ஆட்டிட்டு விக்க ஸ்டாண்ட்ல மாட்டி சீப்பால வாரிவிட ஆரம்பிச்சாங்க.

மூணு மணிக்கு ரயில் பிடிச்சு 72ல எறங்கி 1ஆம் நம்பர் மாறி 79ஆம் தெரு. கார்லபாக் ஷூல், ஷூல்னாலும் யூதக் கோயில்தான். வெளிய பாத்தா சாதாரண வீடு மாதிரிதான்.

1949 டிசம்பர்ல ஆறாவது ரெபே ரெண்டு இளைஞர்கள கூப்ட்டு காலேஜ் பசங்ககிட்ட போங்கடான்னு அனுப்பி வெச்சார், ரெண்டு பேரும் ஹனுக்கா ராத்திரி பிராண்டைஸ் யுனிவர்சிட்டிக்கு போனாங்க. ஒருத்தர் ஷ்லோமோ கார்லபாக், பெர்லின்ல பொறந்தவர். இன்னொருத்தர் சல்மன் ஷாக்டர். ரெண்டு பேருமே அப்புறம் ஹபாத்த விட்டு வெளிய போயிட்டாங்க. கார்லபாக் கிட்டார் எடுத்தார், ஆம்பளை பொம்பளை கலந்து உக்காந்த கூட்டத்துல பாடுனார், சான்ஃபிரான்சிஸ்கோ ஹிப்பி பசங்களுக்கு வீடு எடுத்து ஷபாத் நடத்துனார். அப்போ யூதப் பசங்க நம்ம ஊர் சாமியார்கள தேடி ஓடிகிட்டு இருந்த காலம், ராம் தாஸ்னு பேர் மாத்துன ரிச்சர்ட் ஆல்பர்ட் கூட பாஸ்டன் யூதர்தான். அந்தப் பசங்கள பாட்டால திருப்பினவர் இவர். அவரோட அப்பாவுக்கு அப்புறம் இந்தக் கோயில் 1967லேர்ந்து இவரும் இரட்டை சகோதரரும் பாத்துகிட்டது.

ஆம்பளை பொம்பளைக்கு நடுவுல இங்கயும் தடுப்பு உண்டு, ஆனா கண்ணு தெரியுது. மொதல்ல சங்கீதம் ஒவ்வொண்ணா, வார்த்தை முடிஞ்சதும் அதே மெட்ட லை லை லைன்னு திரும்பத் திரும்ப, மூணாவது சுத்துல எனக்கே வந்துருச்சு. நம்ம மார்கழி பஜனைல ஒருத்தர் எடுத்துக் குடுக்க தெருவே வாங்கிப் பாடுமே, அதே தினுசு. அப்புறம் "லெகா தோதி", பதினாறாம் நூற்றாண்டுல, இப்ப இஸ்ரேல்ல இருக்கற சஃபேத் ஊர்ல ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதுனது, ஷபாத்த மணப்பொண்ணா வரவேற்கற பாட்டு. கடைசி சரணத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வாசல் பக்கம் திரும்பி நின்னாங்க. ஆம்பளைங்க கைகோத்து சுத்த ஆரம்பிச்சாங்க, எங்க பக்கமும் ஒரு பாட்டி என் கைய பிடிச்சு இழுத்துட்டாங்க, கையில வெளக்கெண்ணெய் போட்டமாதிரி க்ரீம் வாசனை, விடவே இல்ல.

(ஷபாத்ல போன் கூடாது, அதனால இத ராத்திரி அக்கா வீட்டுக்கு வந்துதான் டைப் பண்றேன்.)

சனி, 88ஆம் தெருவும் ஐந்தாம் அவென்யூவும்

நேத்து எழுதாம விட்டத இன்னிக்கு எழுதிடறேன், கை கூசுதுதான். கார்லபாக் 1994 அக்டோபர்ல செத்துப்போனார், லாகார்டியா ஏர்போர்ட்ல விமானத்துக்குள்ள. 1998ல ஒரு யூதப் பெண்கள் பத்திரிகைல, அவர் தங்ககிட்ட தப்பா நடந்துகிட்டதா பொம்பளைங்க பல பேர் சொன்னது வந்துச்சு, சில பேர் அப்போ பள்ளிக்கூட வயசுப் பொண்ணுங்க. ஆள் உயிரோட இல்ல, கேக்கவும் முடியாது. இருபது வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல, மீ டூ வந்தப்புறம்தான் திரும்ப பேச ஆரம்பிச்சாங்க, மன்ஹாட்டன்ல சென்ட்ரல் சினகாக் ஒரு வருஷம் அவர் மெட்ட பாடறத நிறுத்தி வெச்சுது.

நேத்து ராத்திரி நடந்து வரும்போது தோழிகிட்ட கேட்டேன், உங்களுக்கு உறுத்தலயான்னு. அவங்க சொன்னது, எனக்கு அந்தப் பாட்டு இல்லன்னா ஷபாத்தே இல்ல, என் அம்மா செத்தப்ப என்ன நிமித்தி வெச்சது அது, ஆனா பக்கத்துல நிக்கற பொம்பளைக்கு அதே மெட்டு வேற எதையாவது ஞாபகப்படுத்துனா நான் பாடறத நிறுத்திடுவேன். நல்ல பதில்தான். ஆனா பக்கத்துல நிக்கறவ வாய் திறந்து சொல்லணுமே! சொல்லாம எழுந்து வெளிய போனவங்க எத்தன பேரோ. தப்பு பண்ணுன ஆளோட பாட்ட தூக்கிப் போட்டுடணும்னும் எனக்கு தோணல, ஏன்னா அத பாதி பாடி வளத்தது கூட்டம்தான், ஆனா கோயில் வாசல்ல பேர் எழுதி ஞானின்னு போடறத மட்டும் நிறுத்திக்கலாம்.

காலைல 88ஆம் தெரு ப்னாய் ஜெஷூருன். 1825ல ஆரம்பிச்ச சபை, 1980கள்ல ஆள் இல்லாம மூடற நெலம. 1985ல மார்ஷல் மேயர் வந்தார், அர்ஜென்டினாவுல ராணுவ ஆட்சி நடந்தப்ப காணாமப் போனவங்களுக்காக சண்டை போட்ட ரபை. மறுவருஷம் தன் மாணவர் ரோலாண்டோ மடாலோன கூட்டிட்டு வந்தார். கீபோர்டு, தாளம் எல்லாம் வெச்சு பாட்டு, கூடவே வீடில்லாதவங்களுக்கு தங்க எடம், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவி. 1991ல கோயில் கூரை இடிஞ்சு விழுந்துச்சு, ரெண்டு தெரு தள்ளி இருக்கற மெத்தடிஸ்ட் சர்ச்காரங்க எங்க எடத்துல கும்புட்டுக்கோங்கன்னு குடுத்தாங்க, கூட்டம் அங்க போயும் பெருகிச்சு, வெள்ளிக்கிழமை ஆயிரக்கணக்குல. வாசல்ல பையத் திறந்து காட்டச் சொன்னாங்க, 2018ல பிட்ஸ்பர்க் சினகாக்ல 11 பேர சுட்டுக் கொன்னப்புறம் எங்க போனாலும் செக்யூரிட்டிதான்.

இங்க தடுப்பு கெடையாது. குடும்பம் குடும்பமா கலந்து உக்காந்துருக்காங்க, மேடைல பெண் ரபை. எனக்கு முன்வரிசைல ஒரு அம்மா வானவில் கலர் பட்டை போட்ட ஜெப சால்வை போத்தியிருந்தாங்க. வழக்கமா வெள்ளைல கறுப்பு இல்லன்னா நீலப் பட்டைதான் இருக்கும், இந்த வானவில் சால்வைய வடிவமைச்சது சல்மன் ஷாக்டர், 1949ல போன ரெண்டாவது ஆள். அவர் எல்எஸ்டி போதை மருந்து சாப்ட்டுப் பாத்தார், சூஃபிகளோட உக்காந்தார், 1990ல யூதக் குழு ஒண்ணு தர்மசாலா போய் தலாய் லாமாவ சந்திச்சப்ப கூடப் போனார், ஜூயிஷ் ரினிவல்னு ஒரு போக்கே அவரால வந்துச்சு, 1981லயே ஒரு பொண்ணுக்கு ரபை பட்டம் குடுத்தார். அதுக்கு முன்னாடியே 1972ல ரிஃபார்ம்ங்கற தாராளப் பிரிவுல சாலி பிரீசண்ட்ங்கற பொண்ணு ரபை ஆயாச்சு. 2009ல இதே ஊர்ல ஆர்த்தடாக்ஸ்ங்கற கட்டுப்பாடான பிரிவுப் பொண்ணுங்களுக்கும் பட்டம் குடுக்க ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க, ஆனா பெரிய ஆர்த்தடாக்ஸ் அமைப்புகள் ஒத்துக்கறதில்ல.

இங்க பாட்டுல மூணு மெட்டு நேத்து 79ஆம் தெருவுல கேட்டதேதான். தடுப்பு இருக்கற எடத்துலயும் இல்லாத எடத்துலயும் ஒரே மெட்டு ஓடுது. ஆனா சத்தம் வேற. நேத்து ஆம்பளைங்க குரல்தான் மேல நின்னுச்சு, எங்க பக்கம் சுருதி சேத்துகிட்டு போனோம். இன்னிக்கு என் பக்கத்துல ஒரு பத்து வயசுப் பொண்ணு தொண்ட கிழிய பாடிச்சு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் ஒருவேளை யூதப் பொண்ணா பொறந்துருந்தா எந்தக் கோயிலுக்கு போயிருப்பேன்னா இதுக்குதான், இதுல எனக்கு குழப்பமே இல்ல. நேத்து மாதிரி மேல சிலிர்க்கலங்கறதும் உண்மைதான், என்ன பண்றது.

ராத்திரி எட்டரைக்கு ஐந்தாம் அவென்யூ, பிளாசா ஹோட்டல் முன்னாடி முப்பது அடிக்கு மேல ஒசரமான மெனோரா (ஹனுக்காவுக்கு ஏத்தற கிளை வெளக்கு), யாகோவ் அகாம் டிசைன். ஹபாத் ரபைகள கிரேன் தொட்டில தூக்கிட்டுப் போய் மேல வெளக்கு ஏத்தறாங்க, அடிக்கற காத்துல அவங்க தொப்பிய பிடிப்பாங்களா டார்ச்ச பிடிப்பாங்களான்னு கூட்டமே பாக்குது. பொது எடத்துல மெனோரா வைக்கறது 1974ல பிலடெல்பியாவுல சின்ன மர ஸ்டாண்டோட ஆரம்பிச்சது, அரசாங்க எடத்துல மதமான்னு கேஸ் போட்டதே சில யூத அமைப்புகளும்தான், 1989ல சுப்ரீம் கோர்ட் பிட்ஸ்பர்க் மெனோராவ அனுமதிச்சுது. ஜாம் வெச்ச டோனட் இலவசம், சூடு இல்ல, இனிப்பு அதிகம்.

ஞாயிறு, ஓஹெல்

இ ரயில்ல ஜமைக்கா சென்டர், அங்கேர்ந்து க்யூ4 பஸ், கேம்ப்ரியா ஹைட்ஸ். கறுப்பின மக்கள் குடியிருக்கற அமைதியான தெரு, வரிசை வீடு, அதுல நாலஞ்ச ஹபாத் வாங்கி வாசலாக்கியிருக்காங்க, பின்பக்கம் திறந்தா கல்லறைத் தோட்டம். இங்கதான் ரெபே சமாதி, ஓஹெல்னு சொல்றாங்க. இருபத்துநாலு மணி நேரமும் திறந்துருக்கும், அர்ஜென்டினா அதிபர் மிலேயும் வந்துட்டு போனார், 2024 தேர்தலுக்கு முன்னாடி டிரம்பும் வந்தார், யூதர் அல்லாதவங்களுக்கும் தடை இல்ல.

தோல் செருப்போட போகக்கூடாது, வாசல்ல ரப்பர் செருப்பு அடுக்கி வெச்சுருக்காங்க. உள்ள மேசைல பேப்பர், பேனா. வேண்டுதல எழுதி, அம்மா பேரோட தன் பேர போட்டு, சமாதிக்கு முன்னாடி நின்னு படிச்சிட்டு கிழிச்சு போடணும். அம்மா பேர்தான் கேக்கறாங்க, அப்பா பேர் இல்ல, அத கவனிச்சேன். கதவ தட்டிட்டுதான் உள்ள போகணும். கூரை இல்லாத கல் அறை, ரெண்டு கல்லறைக் கல், மாமனாரும் மருமகனும் பக்கத்துல பக்கத்துல, முன்னாடி இடுப்பளவு சுவருக்குள்ள கிழிஞ்ச காகிதம் குவிஞ்சு கெடக்கு, மழைல நனைஞ்சு சில எடத்துல கூழாகி, மேல இன்னிக்கு விழுந்தது வெள்ளையா. ஈமெயில்ல வர்றதயும் பிரிண்ட் போட்டு இங்க கொண்டு வந்து கிழிக்கறாங்க. ரெபே உயிரோட இருந்தப்ப இதே எடத்துல மாமனார் சமாதி முன்னாடி மூட்டை மூட்டையா வந்த கடிதங்கள வெச்சுகிட்டு மணிக்கணக்கா நிப்பாராம். ஆம்பளைங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். இங்க கண்ணாடி இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் கல்லு ஒரே தூரம்தான். நானும் எழுதுனேன், என்னன்னு இங்க எழுத மாட்டேன்.

திரும்பி வந்தா டீ, காபி, பிஸ்கட், டிவில ரெபே ஞாயித்துக்கிழமை ஒவ்வொருத்தருக்கும் தர்மம் பண்ணச் சொல்லி ஒரு டாலர் நோட்டு குடுக்கற பழைய வீடியோ. பக்கத்து நாற்காலில ஒரு அம்மா, நல்ல பழுப்பு விக், மடில தூங்கற குழந்தை, புருஷனோட ஏதோ தென் அமெரிக்க ஊர்ல இருவத்தி சொச்சம் வருஷமா ஹபாத் வீடு நடத்தறாங்களாம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை நாப்பது அம்பது பேருக்கு சமையல், கணக்கு வழக்கு, நன்கொடை கேக்கறது, பொண்ணுங்களுக்கு பாடம், எல்லாம் இவங்க. உங்க வீட்டுக்காரர்னு கேட்டேன். பிரசங்கம் நல்லா பண்ணுவார், முட்டை அவிக்க வரும்னாங்க. விட மனசில்லாம கேட்டேன், இவ்ளோ பண்றீங்க, ஒருநாளாவது முன்னாடி நின்னு ஜெபம் நடத்தணும்னு தோணலயா? "தோணுனா இங்க இருந்துருக்க மாட்டேன், எதிர்த்தாப்ல இருக்கற சினகாக்ல இருந்துருப்பேன், கதவு எங்கயும் பூட்டல"ன்னு சிரிச்சாங்க. எல்லாப் பொம்பளைக்கும் எதிர்த்தாப்ல இன்னொரு சினகாக் இருக்குமா என்னன்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள குழந்தை முழிச்சிருச்சு, அத என் மடில போட்டுட்டு பால் பாட்டில் கழுவப் போயிட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு வந்து, தென் அமெரிக்கா வந்தா வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துடு, காரம் போடட்டுமான்னு கேட்டாங்க. போடுங்கன்னேன்.